எங்கள் தீவு முழுக்கிளையான கதை

பழிவாங்கி முடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதில் ஒன்றரை மாதம் பயப்படுவதிலேயே கழிந்தது. மிச்ச அரை மாதத்தில் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். செய்ததற்காக வருந்தவில்லை. பயந்ததற்காக மட்டும் கொஞ்சம் வெட்கம் உண்டு.

நாங்கள் இருந்தது மோர்ஸ் என்ற தீவில். டென்மார்க்கின் மேற்குப் பக்கம், கடலேரிக்கு நடுவில் கிடக்கிற நிலம். அந்தப் பக்கம் ஸ்கீவ நகரம், இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் ஒரு நீளப் பாலம். தீவில் ஏழு தமிழ்க் குடும்பங்கள். ஏழு வீட்டிலும் யாராவது ஒருவர் மட்டிச் சிப்பித் தொழிற்சாலையில் வேலை. நான் மட்டி கழுவுகிற இயந்திரத்தடியில் பதினேழு வருடம் நின்றவன். அந்த வாடைக்குக் கோயிலுக்குப் போனாலும் என்னைச் சுற்றி இரண்டு கதிரை காலியாக இருக்கும்.

நான் பிறந்ததும் தீவில்தான். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, கடலுக்குள். யாழ்ப்பாணத்துப் பெருநிலத்து ஆட்கள் எங்களைத் 'தீவார்' என்பார்கள். அந்தச் சொல்லை அவர்கள் சொல்லும்போது மூக்கு ஒரு நூல் அளவு மேலே போகும். அந்த மூக்குகளிடமிருந்து தப்பி, எட்டாயிரம் கிலோமீட்டர் விமானத்தில் வந்தேன். டெனிஷ் அரசாங்கம் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை இன்னொரு தீவில் கொண்டுபோய் இறக்கியது. மூக்குகள் ஸ்கீவயில் இறங்கின.

ஸ்கீவயில் ஒரு தமிழ்ச் சங்கம் இருந்தது. நாங்கள் அதன் 'உபகிளை'. உபகிளை என்றால் கூட்டத்துக்கு வரலாம், கதைக்கலாம், கலைவிழாவுக்கு முந்நூறு வடை சுட்டுக் கொண்டுவரலாம், முடிந்ததும் அண்டா கழுவலாம். கை உயர்த்த முடியாது. வாக்கு இல்லை. சங்கத்தின் யாப்பு, அதாவது சட்டக்கோவை, அப்படி.

அந்த யாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டென்மார்க்கில் சங்கம் வைத்தால்தான் நகரசபை மண்டபம் தரும். சங்கம் வைக்க யாப்பு வேண்டும். எங்கள் ஆட்கள் அவசரத்துக்கு ஒரு டெனிஷ் புறா வளர்ப்போர் கழகத்தின் யாப்பை வாங்கி, புறா என்று வந்த இடமெல்லாம் 'அங்கத்தவர்' என்று மாற்றித் தமிழில் அடித்துவிட்டார்கள். ஆகவே பிரிவு பதினொன்று இப்படி இருந்தது: 'தூர இடத்துக்கு அனுப்பப்பட்ட அங்கத்தவர் திரும்பி வராவிடின் சங்கம் பொறுப்பேற்காது.' இருபது வருடமாக எவரும் அதை வாசிக்கவில்லை. செயலாளர் மட்டும் வாசித்திருந்தார்.

செயலாளரை அறிமுகப்படுத்த வேண்டும். யாழ்ப்பாணத்துப் பெருநிலத்து வடமராட்சிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நல்ல குரல். ஒலிவாங்கியைக் கண்டால் அவர் கை தானாக நீளும். இருபது வருடம் அவர்தான் செயலாளர். தலைவர்கள் வருவார்கள், போவார்கள். என்னைத் 'தம்பி' என்பார். அவர் தம்பி என்றால் எனக்கு உடனே விக்கல் வரும். எனக்குப் பயம் வயிற்றிலோ முழங்காலிலோ வருவதில்லை. விக்கலாக வரும். சபையில் மறைக்கவும் முடியாது.

இரண்டாயிரத்து ஒன்பது சித்திரை. வன்னியில் யுத்தம் ஒரு சின்னக் கடற்கரைத் துண்டுக்குள் ஒடுங்கியிருந்தது. என் மனைவியின் தம்பி அந்தத் துண்டுக்குள் இருந்தான். கடைசியாக மாசியில் கதைத்தான். அதற்குப் பிறகு தொலைபேசி இல்லை.

கொப்பன்ஹேகனில் ஆர்ப்பாட்டம் என்றார்கள். சங்கம் ஸ்கீவயிலிருந்து பஸ் பிடித்தது. "பாலத்தடிக்கு விடிய அஞ்சு மணிக்கு வந்து உங்களை ஏத்துறம்" என்று செயலாளர் தன் வாயால் சொன்னார். நாங்கள் நாலு இருபதுக்கே போய் நின்றோம். ஏழு குடும்பம், பிள்ளைகள், இடியப்பப் பொதிகள். மனைவி தம்பியின் படத்தைப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டி நெஞ்சோடு பிடித்திருந்தாள். கடலேரியிலிருந்து வந்த காற்று காதை அறுத்தது.

ஐந்தானது. ஐந்தரையானது. நான் பகிடி விட்டேன். "சாரதி தீவுக்குப் பயந்து சுவீடனுக்குத் திருப்பிட்டான் போல." சிலர் சிரித்தார்கள். ஆறானது. இன்னொரு பகிடி.

"இஞ்சருங்கோ, பகிடியை விட்டிட்டு ஃபோன் எடுங்கோ" என்றாள் மனைவி.

தொலைபேசி என் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. செயலாளருக்கு நான் எடுப்பதா? அவர் 'என்ன தம்பி' என்பாரே. அந்த ஒரு 'தம்பி'க்குப் பயந்து இன்னும் முக்கால் மணி நேரம் நின்றேன். ஏழு மணிக்குக் கிட்ட எடுத்தேன். பின்னால் ஆட்கள் கோஷம் பழகுகிற சத்தம்.

"நாங்கள் வைல டவுனும் தாண்டிட்டம் தம்பி."

"அண்ணை, நாங்கள் இஞ்சை... விக்... பாலத்தடியில நிக்கிறம்."

"அங்கை சுத்திவர நேரமில்லாமப் போச்சு. உபகிளைக்குப் பஸ் நிப்பாட்டுறதெண்டு நிர்வாகக் குழுவில தீர்மானமும் இல்லை. யாப்பில பதினொண்டாம் பிரிவைப் பாருங்கோ." பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். தொலைபேசியை மூடாமலேயே சொன்னார். "தீவார் காணும். எப்பவும் பிந்தித்தான் வருவினம்."

வீட்டுக்குத் திரும்பினோம். இடியப்பத்தைப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். மனைவி படத்தை அட்டையோடு அலுமாரிக்கு மேலே வைத்தாள். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். கேட்காததால்தான் பழி என்ற எண்ணம் எனக்குள் வந்து சம்மணம் போட்டு இருந்தது.

அந்த நாட்களில் நான் மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். டெனிஷும் சமூகக் கல்வியும். ஆசிரியை ஒவ்வொருவருக்கும் ஒரு தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார். எனக்கு வந்தது: ஹவாய் தீவுகள் எப்படி அமெரிக்காவின் முழு மாநிலமாயின. "நீ தீவில்தானே இருக்கிறாய், உனக்குப் பொருத்தம்" என்றார் அந்த மனுஷி. ஒன்றும் தெரியாமல்தான் சொன்னார்.

நான் வாசித்தேன். முதலில் கடமைக்கு. பிறகு இரத்தம் கொதிக்கக் கொதிக்க. தீவுக்கு ஒரு அரசி இருந்தாள். கரும்புத் தோட்ட முதலாளிகள் அவளை இறக்கினார்கள். பிறகு தீவைப் பெரிய நாட்டோடு சேர்த்தார்கள். ஆனால் மாநிலமாக அல்ல, 'ஆட்புலமாக'. ஏறத்தாழ அறுபது வருடம் அப்படியே வைத்திருந்தார்கள். அந்த அறுபது வருடமும் தீவிலிருந்து ஒரு பிரதிநிதி தலைநகர் மன்றத்துக்குப் போவார். அவர் பேசலாம். வாக்குப் போட முடியாது. அந்த வரியில் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் இரண்டு சிகரெட் குடித்தேன். அட, இவர்களும் வடை சுட்டிருக்கிறார்கள்.

எப்படி மாநிலமானார்கள் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. யாரும் கூப்பிடுமுன்னமே தங்கள் யாப்பைத் தாங்களே எழுதி வைத்தார்கள். பத்திரிகை அச்சடிக்கிற பெரிய காகித உருளையைத் தெருவில் விரித்து, போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, உருளையோடு தலைநகருக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்பே அவர்களுடைய பொடியன்கள் போருக்குப் போய்ச் செத்து விசுவாசம் காட்டியிருந்தார்கள். கடைசியில் சம்மதம் வந்தது. தீவு மக்களிடம் வாக்குச் சீட்டு நீட்டப்பட்டது. உடனடியாக மாநிலமாகச் சேர்வதா? ஓம், இல்லை. தனி நாடாக இருக்கிறோம் என்று சொல்ல விரும்பியவனுக்கு அந்தச் சீட்டில் ஒரு கட்டமும் இல்லை.

வகுப்பில் நான் இதைச் சொல்லிக் கொதித்தேன். "கேக்காத கேள்விதான் பெரிய கேள்வி" என்று டெனிஷில் சொன்னேன். ஆசிரியை கைதட்டினார். விக்கல் கூட வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய்க் காகித மேசை விரிப்பு உருளை ஒன்று வாங்கினேன். டெனிஷ் ஆட்கள் பிறந்தநாளுக்கு நீள மேசைக்கு விரிக்கிறது. தொங்கல் நுனியில் 'எங்கள் தீவை முழுக்கிளையாக ஏற்க வேண்டும்' என்று எழுதி, ஏழு வீட்டுக்கும் உருட்டிக்கொண்டு போனேன். பெரியவர்கள் கையெழுத்து வைத்தார்கள். பிள்ளைகள் குதிரை கீறினார்கள். பக்கத்து வீட்டு டெனிஷ் கிழவர் யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்து 'நீடூழி வாழ்க' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

ஏழு வீட்டில் ஒருவர் மட்டும் முரண்டு பிடித்தார். தொழிற்சாலையில் எனக்கு மேலே வேலை செய்கிற மூத்தவர். "உவங்களோட என்னத்துக்குச் சேருவான்? நாங்கள் ஏழு வீடும் தனியச் சங்கம் நடத்துவம்" என்றார். "அண்ணை, இப்ப வையுங்கோ, பேந்து யோசிப்பம்" என்று கையைப் பிடித்து வைப்பித்தேன்.

உருளையைச் செயலாளர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "என்ன தம்பி, பார்ட்டியோ?" என்றார். விக்கினேன். விக்கிக்கொண்டே பெற்றுக்கொண்ட தேதியை அந்த விரிப்பிலேயே எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே வைத்தார்; நான் அதைப் படம் எடுத்துக்கொண்டேன். பாலத்தடிக்குப் பிறகு யாப்பை நானும் வாசித்திருந்தேன். அதன்படி எந்தப் பிரேரணையும் கூட்டத்துக்கு எட்டு நாளுக்கு முன் எழுத்தில் கிடைத்திருக்க வேண்டும். அது புறாக் கழகத்தின் நல்ல பிரிவுகளில் ஒன்று.

வைகாசியில் யுத்தம் முடிந்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. தொலைக்காட்சியில் வென்ற பக்கத்து ஆட்கள் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். மனைவி தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அது அடித்த போதெல்லாம் வேறு யாரோ.

ஆனியில் ஆண்டுப் பொதுக்கூட்டம். ஸ்கீவயில் ஒரு பாடசாலை மண்டபம். எங்கள் பிரேரணை நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது. ஆறாவது செயலாளர் தெரிவு. நான் பேசுவதற்குப் பதினொரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பாலம், குளிர், இடியப்பம், 'தீவார் காணும்', எல்லாம். கழிப்பறைக் கண்ணாடிக்கு முன்னால் மூன்று தரம் பேசிப் பார்த்தேன். மூன்றாம் தரம் நானே அழுதுவிட்டேன். அவ்வளவு நல்ல பேச்சு.

கூட்டம் தொடங்கியது. செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இண்டைய கூட்டத்துக்குத் தலைமை தாங்க, எங்கட தீவுச் சகோதரரை முன்மொழியிறன்."

என்னைத்தான். மண்டபம் கைதட்டியது. யாரோ ஓடிவந்து என் தோளில் பொன்னாடை போர்த்தினார்கள். இருபது வருடம் அண்டா கழுவினவனுக்குப் பொன்னாடை! எனக்குக் கண் கலங்கியது. ஓம் என்றேன். முன்னால் போய் நடுக் கதிரையில் இருந்தேன். இருந்த பிறகுதான் விளங்கியது.

எங்கள் ஊரில் தலைமை என்றால் மரியாதை. முதலில் பேசுவார், கடைசியிலும் பேசுவார், நடுவில் கொட்டாவி விடுவார். டென்மார்க்கில் பொதுக்கூட்டத்துக்குத் தலைமை என்றால் போக்குவரத்துப் பொலிஸ். யார் பேசுவது, எவ்வளவு நேரம், எப்படி வாக்கெடுப்பது என்று ஒழுங்கு பண்ணலாம். தன் கட்சிக்காகத் தான் ஒரு சொல் பேசக்கூடாது. யாப்பில் அப்படித்தான் இருக்கிறது. செயலாளர் என் வாயைப் பொன்னாடையால் கட்டிவிட்டார். இந்தப் பிழையை ஒரு டெனிஷ்காரன் விடமாட்டான். தமிழன்தான் விடுவான், அதிலும் இருபது வருடம் மேடைக்குக் கீழே நின்ற தமிழன்.

"விக்" என்றது ஒலிவாங்கி. மண்டபம் முழுவதும் கேட்டது.

செயலாளர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு புன்னகைத்தார். நான் நாலு கிளாஸ் தண்ணீர் குடித்தேன். முதல் நாலு விடயமும் எப்படி முடிந்தன என்று இன்றைக்கும் தெரியாது. மூச்சை அடக்கிக்கொண்டு இருந்ததில், ஒரு கட்டத்தில் நான் நீலமாகப் போய்விட்டேன் என்று பிறகு சொன்னார்கள்.

ஐந்தாவது வந்தது. செயலாளர் எழும்பினார். "தீவுக் கிளை பற்றி ஆராய மூண்டு பேர் கொண்ட குழு ஒண்டு அமைக்கலாம் எண்டு நான் மாற்றுப் பிரேரணை கொண்டுவாறன்."

குழு! குழு என்றால் எங்கள் சமூகத்தில் சமாதி. எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. கோபம் ஏறியதும் விக்கல் நின்றது. அது எனக்கு அதுவரை தெரியாது. நாற்பத்தாறு வயதில் கண்டுபிடித்த வைத்தியம்.

"அண்ணை, உங்கட பிரேரணை எட்டு நாளுக்கு முதல் எழுத்தில வந்ததோ?"

"அது... நான்தானே செயலாளர். நான் ஆருக்கு எழுதுறது?"

"உங்களுக்கு நீங்களே எழுதியிருக்கலாம் அண்ணை. யாப்பு. இருங்கோ."

மண்டபத்தில் முதல் சிரிப்பு. அவர் இருபது வருடத்தில் முதல்தரம் இன்னொருவர் சொல்லிக் கதிரையில் இருந்தார். அந்த இருப்பின் சத்தம், பிளாஸ்டிக் கதிரை கிறீச்சிட்டது, எனக்கு இப்போதும் காதில் இனிக்கிறது.

பிறகு எதிர்த்துப் பேச அவருக்கு இரண்டு நிமிடம் கொடுத்தேன். சமையலறையிலிருந்து முட்டை அவிக்க நேரம் வைக்கிற மணியை எடுப்பித்து மேசையில் வைத்தேன். அவர் 'அன்பார்ந்த தமிழ்ப் பெருமக்களே' என்று தொடங்கி, சங்கத்தின் தோற்றத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

"ஆதரிச்சுக் கதைக்கிறவை ஆரும்?"

அப்போதுதான் அடுத்த பயம் பிடித்தது. பேச வேண்டியவன் நான். பதினொரு பக்கமும் என் காற்சட்டைப் பைக்குள். தீவார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூத்தவர் கூரையைப் பார்த்தார். செயலாளரின் புன்னகை திரும்பி வந்தது.

என் மனைவி எழும்பினாள். மேடை ஏறிப் பேசிய பெண் அல்ல. ஒலிவாங்கியை வாங்கவும் இல்லை; நின்ற இடத்திலேயே பேசினாள்.

"அண்டைக்கு நாங்கள் பாலத்தடியில ரெண்டரை மணித்தியாலம் நிண்டனாங்கள். நான் தம்பிட படத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். காரில போன டெனிஷ் ஆக்கள் எனக்குக் கை காட்டிச்சினம். நான் ஆரையோ வரவேற்க நிக்கிறன் எண்டு நினைச்சிருப்பினம். இப்ப எல்லாரும் உங்கட ஆக்களைத் தேடுறியள். சங்கத்தால பேர் எழுதிச் செஞ்சிலுவைக்குக் குடுக்கப் போறியளாம். தீவெண்டிட்டு எங்கட பேரை விட்டிட்டுப் போகாதேங்கோ. அவ்வளவுதான்."

கதிரையில் இருந்துவிட்டாள். அவள் செயலாளரைப் பார்க்கவில்லை. மண்டபம் பார்த்தது. எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. என் பதினொரு பக்கத்தையும் அவளுடைய ஒரு நிமிடம் தின்றுவிட்டது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வாக்குச் சீட்டின் வாசகத்தைத் தீர்மானிப்பது தலைமை. நான் எழுதினேன்: 'தீவை உடனடியாக முழுக்கிளையாக ஏற்பதா? ஓம். இல்லை.' வேறு கட்டம் இல்லை. தனிச் சங்கம் வேண்டுமென்ற மூத்தவர் சீட்டின் மாதிரியைத் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். வகுப்பில் எதற்காகக் கொதித்தேனோ அதையே என் சொந்த எழுத்தில் செய்தேன். அதிகாரம் கிடைத்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

ஓம் என்று முப்பத்தொரு சீட்டு. இல்லை என்று பத்தொன்பது.

கைதட்டல் அடங்கியதும் சொன்னேன். "உடனடியாக எண்டுதான் தீர்மானம். ஆகவே ஆறாவது விடயத்துக்குத் தீவாருக்கும் சீட்டுக் குடுங்கோ."

செயலாளர் பாய்ந்து எழும்பினார். "இது என்ன விளையாட்டு? அடுத்த வருசத்திலயிருந்துதான்."

"அண்ணை, நீங்கள்தான் என்னைத் தலைமைக்குப் போட்டியள். இருங்கோ."

பதினான்கு தீவார் முதல்தரம் சீட்டை வாங்கினார்கள். சிலர் வாங்கியதும் மணந்து பார்த்தார்கள், சத்தியமாக. செயலாளர் பத்து வாக்கால் தோற்றார். புதிய செயலாளராக வந்தவர் ஸ்கீவயில் பஸ் ஓட்டுகிற ஒரு அமைதியான மனிதர். நான் முடிவை வாசித்தேன். தேவைக்கு மேல் ஒருதரம் கூடுதலாக வாசித்தேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். பின்வரிசையில் யாரும் இருக்கவில்லை.

வெளியே வாகனத் தரிப்பிடத்தில் முன்னாள் செயலாளர் வந்தார். "பழி தீர்த்திட்டாய் என்ன?"

"ஓம் அண்ணை" என்றேன். விக்கல் இல்லை. வேறு பதில் சொல்லியிருக்கலாம். சங்கத்தின் நன்மை, ஜனநாயகம், அப்படி ஏதாவது. எனக்கு ஓம் என்று சொல்லவே ஆசையாக இருந்தது.

முழுக்கிளையின் முதல் வேலையாக, ஆடியில், தீவிலேயே ஒரு அஞ்சலி வைப்பதென்று தீர்மானித்தோம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீனவர் மண்டபம். காணாமற் போனவர்களின் பேர்ப் பட்டியலை மனைவி எழுதினாள். செத்தவர்களா, இருக்கிறார்களா என்று பிரிக்காமல் எழுதினாள்.

இரண்டு நாளுக்கு முன் தொலைபேசி வந்தது. முன்னாள் செயலாளர். வன்னியில் அவருடைய அக்காவும் இருந்தாராம். யாருக்கும் சொல்லவில்லையாம். "நானும் வந்து ஒரு விளக்கு வைக்கலாமோ தம்பி? ரெண்டு வார்த்தை கதைச்சாலும் நல்லம்."

நான் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு மனைவியிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னால் நான் இளகிவிட்டேன். வென்றவனுக்கு இளகுவது சுகம். "பாவம், வரட்டும், ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றேன்.

அவள் பட்டியலில் ஒரு வரி விட்டு, பேனாவை எடுத்தாள். "அக்காட பேர் என்ன எண்டு கேளுங்கோ."

கேட்டேன். சொன்னார். எழுதினாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தாள்.

"வரச் சொல்லுங்கோ. விளக்கு வைக்கட்டும். கதைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"ரெண்டு வார்த்தைதானேயப்பா..." என்றேன்.

"ஒண்டும் வேண்டாம்."

வந்தார். வெள்ளைச் சட்டை. அக்காவின் பேர் வாசிக்கப்பட்டபோது எழும்பி விளக்கு வைத்தார். வைத்துவிட்டு மேடைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு போய் மூன்றாம் வரிசையில் இருந்தார். என் மைத்துனனின் பேரும் வந்தது. மனைவி விளக்கு வைத்தாள். ஏழு வீட்டாரும் அழுதார்கள். மூத்தவர் கூட அழுதார். நான் அழவில்லை. மூன்றாம் வரிசையில் இருந்த அந்த மனுஷன் வாயைத் திறக்கிறாரா என்று கடைசி வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.